அப்பாவின் ஹால் டிக்கெட்

எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு நடக்கும் பள்ளி வாசலில் ஒருமுறை நின்று பாருங்கள். சீருடை கிடையாது. நரை விழுந்த மீசை, சட்டைப்பையில் நாலாக மடித்த ஹால் டிக்கெட். பிள்ளையை விட வந்தவர் என்று நினைத்து யாராவது ஓரமாக நிற்கச் சொன்னால், "நான்தாங்க எழுத வந்திருக்கேன்" என்று தணிந்த குரலில் சொல்வார்கள்.

படிப்பைப் பாதியில் விட்ட அப்பாக்கள் நம் ஊர்களில் ஏராளம். தகப்பன் படுத்துவிட்டார், தங்கச்சிக்குக் கல்யாணம், வீட்டில் மூத்தவன் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். பன்னிரண்டு வயதில் லாரி பட்டறைக்குப் போனவர் நாற்பதில் நல்ல கைத்தொழில்காரர். ஆனால் காகிதம் கேட்கும் இடத்தில் அவர் கை வெறுங்கை. அலுவலக உதவியாளராக இருப்பவருக்குப் பதவி உயர்வு வேண்டுமென்றால் பத்தாவது வேண்டும். பத்தாவது தேறாத பலருக்குப் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்ற பதிவு விழுகிறது. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தனியாக வேண்டும். ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும் இந்த ஒரு வரியின் கனம் தெரியாத வீடு குறைவு.

இப்படி மறுபடி படிக்க நினைக்கும் அப்பாக்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த வேலைக்கு, எந்தச் சான்றிதழ்? "ஏதாவது படிக்கணும்" என்று தொடங்குபவர் பணத்தையும் ஒரு வருடத்தையும் இழந்துவிட்டு, "நமக்குப் படிப்பு வராது" என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார். அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த வயர்மேன் ஒருவர் இருபது வருடமாகத் தெருத்தெருவாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறார். சர்க்யூட் அவருக்கு அத்துப்படி. கையில் சான்று இல்லாததால் ஒப்பந்தக்காரர் கொடுத்ததுதான் கூலி. அவர் பத்தாவதிலிருந்து தொடங்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். தேவையே இல்லை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு அவரைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. வயரிங் தொழிலில் 5 ஆண்டு அனுபவம், 21 வயது நிறைவு. மேல் வயது வரம்பு இல்லை. விண்ணப்பம், விவரம் எல்லாம் அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டால் தெரியும். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்தது மகிழ்ச்சி இல்லை, கோபம். "இத்தனை வருசமா ஒருத்தர்கூடச் சொல்லலையேங்க!" அந்தக் கோபம் நியாயமானது. அறிவிப்பு செய்தித்தாளின் ஒரு மூலையில் வருகிறது. அவர் அந்த நேரத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கூரைக்கடியில் ஏணிமேல் நிற்கிறார்.

பத்தாவதுதான் வேண்டும் என்பவருக்கும் வழி இருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை முதலில் எழுதலாம். பள்ளி மாற்றுச் சான்றிதழ் தொலைந்துபோனதே என்று தயங்க வேண்டாம், பிறப்புச் சான்றிதழ் இருந்தாலும் ஏற்கிறார்கள். எட்டாவது தேறியவர் நேரடித் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம். ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுவது அதில்தான். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. அந்தச் செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளிக்குப் போய்வர வேண்டும். தேர்வு விண்ணப்பம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு வருடம் போய்விடும். தேர்வுத்துறைச் சேவை மையத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "செய்முறைக்கு எப்போது பதியணும்?" என்பதுதான். மாநிலப் பாடத்திட்டம் வேண்டாம் என்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஒரே மூச்சில் எல்லாப் பாடத்தையும் எழுத வேண்டியதில்லை, 5 ஆண்டுக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம்.

இன்னொரு பள்ளம், "பள்ளிப் படிப்பே இல்லாமல் நேரடியாக டிகிரி" என்ற சுவரொட்டி. பத்தாவதும் பிளஸ் டூவும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கும் பட்டம் தமிழ்நாட்டு அரசு வேலைக்குச் செல்லாது. வரிசை முக்கியம்.

பாதை தெரிந்த பிறகும் அப்பாக்களைத் தடுப்பது கூலி. வகுப்புக்குப் போகும் நாளில் வீட்டில் அரிசி வாங்குவது யார்? பெரும்பாலான மாவட்டங்களில் வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் ஏ.சி. பழுதுபார்ப்பு, இருசக்கர வாகன மெக்கானிக் போன்ற குறுகிய காலப் பயிற்சிகள் சாப்பாட்டோடு இலவசம். கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் டிப்ளமோ முடித்து ஆலையில் வேலை பார்ப்பவர்கள் ஷிப்ட் முடிந்து மாலை நேர பி.இ. வகுப்புக்குப் போகிறார்கள். இவையெல்லாம் நல்லவை. ஆனால் ஐ.டி.ஐ. சேர்க்கையில் பெண்களுக்கு மேல் வயது வரம்பு இல்லை, ஆண்களுக்கு 40. பெண்களுக்கு வரம்பில்லாதது மிகச் சரி. தறி நின்றுபோய் நாற்பத்திரண்டு வயதில் வேறு தொழில் தேடும் தகப்பனுக்கும் அதே கதவைத் திறக்கலாமே. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தொழிலாளியின் பிள்ளை படிக்க உதவித்தொகை தருகிறது. அதே தொழிலாளி பத்தாவது எழுதினால் அவருக்கும் ஒரு தொகை தர வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கலாம்.

கூலிக்கு அடுத்தது வெட்கம். மகன் படிக்கும் அதே பாடப்புத்தகத்தை விரிக்க வேண்டியிருக்கிறது. இதில் மனைவியும் பிள்ளைகளும் செய்யக்கூடியதை எந்தத் திட்டமும் செய்ய முடியாது. நான் சொன்ன வயர்மேன் வீட்டில் ஒன்பதாவது படிக்கும் மகள் ஓம் விதியை அவருக்குப் பாடப்புத்தகத் தமிழில் சொல்லிக்கொடுக்கிறாள். கை அறிந்ததற்குப் பெயர் இப்போதுதான் தெரிகிறதாம் அவருக்கு. பதிலுக்கு ஸ்விட்ச் போர்டைக் கழற்றி மாட்ட அவளுக்குக் காட்டுகிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டி.வி.யை அணைத்துவிடுகிறார்கள்.