மண்ணுக்குள் ஒரு குழாய்! ஏட்டில் வேறு குழாய்!

2010-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி. மாலை மணி 6.11.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்குப் பக்கத்தில் சான்புருனோ என்ற ஊர் இருக்கிறது. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் நேரம் அது.

திடீர் என்று பூமி வெடித்தது! தீ வானத்தை நோக்கிப் பாய்ந்தது!

ஊருக்கு அருகில் பெரிய விமான நிலையம் உண்டு. ஆகவே, விமானம்தான் விழுந்துவிட்டது என்று பலர் முதலில் நினைத்தார்கள்.

ஆனால் விழுந்தது விமானம் அல்ல. தெருவுக்கு அடியில் புதைத்திருந்த கேஸ் குழாய் வெடித்துவிட்டது!

8 பேர் உயிர் இழந்தார்கள். பலர் காயம் அடைந்தார்கள். 38 வீடுகள் எரிந்து அழிந்தன.

95 நிமிடம்

வெடித்த இடத்தில் 72 அடி நீளமும் 26 அடி அகலமும் உள்ள பள்ளம் ஏற்பட்டது. 28 அடி நீளக் குழாய்த் துண்டு ஒன்று, 100 அடி தூரத்தில் போய் விழுந்தது.

தீயணைப்புப் படையினர் விரைந்து வந்தார்கள். ஆனால் தண்ணீர்க் குழாயும் உடைந்து போயிருந்தது!

கேஸை நிறுத்தினால்தான் தீ அடங்கும். அந்தப் பகுதியில் தானாக மூடிக்கொள்ளும் வால்வு இல்லை. தூரத்தில் இருந்தபடி பொத்தானை அமுக்கி மூடும் வசதியும் இல்லை. தொழிலாளர்கள் நேரில் போய், கையால் திருகி மூடினார்கள். கேஸ் நிற்பதற்கு 95 நிமிடம் ஆயிற்று.

யாருடைய குழாய்?

"பசிபிக் கேஸ் அண்டு எலக்டிரிக்" என்ற கம்பெனிக்குச் சொந்தமான குழாய் அது. 1905-ம் ஆண்டில் தொடங்கிய பெரிய கம்பெனி. கலிபோர்னியாவின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் மின்சாரமும் கேஸும் கொடுப்பது இதன் தொழில்.

இந்தக் கேஸ் சிலிண்டரில் வருவது அல்ல. பூமிக்கு அடியில் இருந்து கிடைக்கும் இயற்கை எரிவாயு. பெரிய குழாய் வழியாக ஊருக்கு வந்து, சிறிய குழாய் வழியாக வீட்டு அடுப்புக்குப் போகிறது.

புதைத்த குழாயை யாரும் தினமும் தோண்டிப் பார்க்க முடியாது. எந்தக் குழாய் எந்த ஆண்டில் புதைக்கப்பட்டது? எப்படிச் செய்யப்பட்டது? எவ்வளவு அழுத்தம் தாங்கும்? எல்லாம் ஏட்டில்தான் இருக்கும். எந்தக் குழாயைச் சோதிப்பது, எதை மாற்றுவது, எதற்குப் பணம் ஒதுக்குவது என்று மேல் அதிகாரிகள் அந்த ஏட்டை நம்பித்தான் முடிவு செய்கிறார்கள்.

ஏடு தவறாக இருந்தால்?

சான்புருனோவில் அதுதான் நடந்தது!

ஏடு சொன்னது என்ன?

வெடித்த குழாய் 30 அங்குலக் குழாய். 1956-ம் ஆண்டில் புதைத்தது. "இது மூட்டு இல்லாத குழாய்" என்று கம்பெனி ஏட்டில் எழுதியிருந்தது.

விபத்தை விசாரித்த அமெரிக்க அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், குழாயைப் பரிசோதித்தது. உண்மை வேறாக இருந்தது. அந்த இடத்தில் சிறு சிறு குழாய்த் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். துண்டுகளில் நீளவாக்கில் மூட்டு இருந்தது. சில மூட்டுகளில் வெளிப்பக்கம் மட்டும் வெல்டிங் செய்திருந்தார்கள். உள்பக்கம் வெல்டிங் இல்லை!

இன்னொரு விஷயமும் வெளிவந்தது. அந்தக் காலத்தில் 30 அங்குலத்தில் மூட்டு இல்லாத குழாய் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் கிடைக்கவே இல்லை! விவரம் தெரிந்த ஒருவர் அந்த வரியைப் படித்து, "இது எப்படி?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். குட்டு அப்போதே வெளிப்பட்டிருக்கும். பல ஆண்டுகள் அந்தத் தவறு ஏட்டிலேயே இருந்தது.

அன்று மாலை, மில்பிடாஸ் என்ற இடத்தில் உள்ள கேஸ் நிலையத்தில் மின்சாரக் கருவி வேலை நடந்தது. அதனால் குழாயில் அழுத்தம் ஏறியது. அனுமதித்த அளவை அது தாண்டவில்லை. நல்ல குழாய் தாங்கியிருக்கும். அரைகுறை வெல்டிங் தாங்கவில்லை.

குழாயில் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் முறை உண்டு. அப்படிச் சோதித்திருந்தால் குறை தெரிந்திருக்கும். ஆனால் அந்தச் சோதனையில் இருந்து பழைய குழாய்களுக்குச் சட்டமே விலக்கு அளித்திருந்தது! கம்பெனியின் தவறோடு இந்த விலக்கும் சேர்ந்துதான் விபத்துக்கு வழி வகுத்தது என்று 2011-ம் ஆண்டில் வாரியம் கூறியது.

மைதானத்தில் தேடினார்கள்

விபத்துக்குப் பிறகு, "எல்லாக் குழாய்களின் ஏடுகளையும் காட்டுங்கள்" என்று அரசு கேட்டது.

சான்பிரான்சிஸ்கோ அருகே "கவ் பாலஸ்" என்ற பெரிய அரங்கம் இருக்கிறது. கால்நடைக் கண்காட்சி நடத்துவதற்காகக் கட்டியது. 2011-ம் ஆண்டில் பழைய ஏடுகளைப் பெட்டி பெட்டியாக அங்கே கொண்டுவந்து குவித்தார்கள். ஊழியர்கள் வரிசையாக உட்கார்ந்து காகிதம் காகிதமாகப் புரட்டினார்கள். 8 உயிர் போன பிறகு அந்தத் தேடல் நடந்தது!

அதே ஆண்டில் தலைமை நிர்வாகி பீட்டர் டார்பீ பதவியில் இருந்து விலகினார். வெளியில் இருந்து அந்தோணி எர்லி தலைமைக்கு வந்தார். கேஸ் தொழிலில் அனுபவம் பெற்ற நிக் ஸ்டாவ்ரோபுலோஸ் கேஸ் பிரிவின் பொறுப்பை ஏற்றார். பழைய குழாய்களைச் சோதிக்கும் வேலை தொடங்கியது. தூரத்தில் இருந்தே மூடும் வால்வுகள் பொருத்தப்பட்டன.

கோர்ட்டு தீர்ப்பு

2015-ம் ஆண்டில் கலிபோர்னியா அரசின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் கம்பெனிக்கு 160 கோடி டாலர் தண்டம் விதித்தது. அதில் பெரும்பகுதி குழாய்ப் பாதுகாப்புக்குச் செலவிட வேண்டிய பணம்.

2016-ம் ஆண்டில் ஜூரிகள், கம்பெனி 6 குற்றங்கள் செய்தது என்று முடிவு கூறினார்கள். அவற்றில் 5, குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது. மற்றொன்று, விபத்து விசாரணைக்குத் தடை செய்தது.

அதிகாரி எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. வழக்கு கம்பெனி மீதுதான்!

2017-ம் ஆண்டு ஜனவரியில் கோர்ட்டு தண்டனை கூறியது. அபராதம் 30 லட்சம் டாலர். தான் குற்றவாளி என்பதைக் கம்பெனியே டெலிவிஷனில் விளம்பரம் செய்யவேண்டும். அத்துடன் 10 ஆயிரம் மணி நேரம் பொதுமக்களுக்குத் தொண்டு செய்யவேண்டும். அதில் 2 ஆயிரம் மணி நேரத் தொண்டைக் கம்பெனியின் உயர்ந்த அதிகாரிகளே செய்யவேண்டும்!

பண அபராதத்தைக் கம்பெனி கட்டிவிடும். தொண்டுக்கு அதிகாரிகள் தாங்களே நேரில் போகவேண்டும். போகும் தெருக்களுக்கு அடியிலும் குழாய் இருக்கும். அதைப் பற்றி ஏட்டில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பதும் அவர்கள் பொறுப்புதான்.