கோல் போடாதவருக்கு எப்படி விலை போடுவது?

மாணவர்களே, ஒரு ஹாக்கி அணியை விலைக்கு வாங்கும் பொறுப்பு உங்களிடம் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது அளவான பணம். 20 கோல் அடித்த தாக்குதல் ஆட்டக்காரருக்கு விலை சொல்வது எளிது. எதிரணியை 20 கோல் அடிக்கவிடாமல் தடுத்த தற்காப்பு ஆட்டக்காரருக்கு என்ன விலை சொல்வீர்கள்? நடக்காமல் போனதை எப்படி எண்ணுவது?

2024 அக்டோபரில் புதுடில்லியில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் அணி உரிமையாளர்களுக்கு இதே சிக்கல்தான். அங்கு மிக அதிக விலைக்குப் போனவர் ஹர்மன்பிரீத் சிங். சூர்மா அணி அவரை 78 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அவர் தற்காப்பு ஆட்டக்காரர்!

அப்படியென்றால் தற்காப்புக்கு நல்ல மதிப்பு இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? சற்றுப் பொறுங்கள். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அதிக கோல் அடித்தவரும் அவரே, மொத்தம் 10 கோல்கள். பெனால்டி கார்னரின்போது ‘டிராக் ஃபிளிக்’ முறையில் பந்தை வீசியடிப்பதில் அவர் கைதேர்ந்தவர். ஜெர்மனிக்காக ஆடும் கொன்சாலோ பெய்லட் 68 லட்சத்துக்குப் போனார். அவரும் தற்காப்பில் ஆடுபவர். அவரும் டிராக் ஃபிளிக் வல்லுநர். அந்தப் பந்தைத் தடுக்க முதல் ஆளாகப் பாய்ந்து ஓடுவதில் பேர்பெற்ற அமித் ரோஹிதாஸைத் தமிழ்நாடு டிராகன்ஸ் 48 லட்சத்துக்கு வாங்கியது.

டிராக் ஃபிளிக் பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் வரக்கூடியது. அதன் எடை ஏறத்தாழ 160 கிராம். அதற்கு எதிரே ஓடுவது சாதாரண வேலை இல்லை. ஆனாலும் அடித்தவரின் கணக்கில் கோல் ஏறுகிறது. தடுத்தவரின் கணக்கில் ஏறுவதற்கு எதுவும் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்கப் பனி ஹாக்கி உலகம் ஒரு வழி கண்டது. அதன் பெயர் ‘பிளஸ்-மைனஸ்’. ஒருவர் களத்தில் இருக்கும்போது அவரது அணி கோல் போட்டால் +1, கோல் வாங்கினால் −1. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் 1967-68 பருவத்திலிருந்து இதைப் பதிவு செய்கிறது. பனி ஹாக்கியில் ஆட்டக்காரர்கள் அடிக்கடி உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருப்பதால் இந்தக் கணக்கு சாத்தியமாகிறது. நம் ஹாக்கியிலும் அப்படி மாற்றிக்கொள்ளலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. கீழே உள்ளது நானே அமைத்த கணக்கு. முருகன், ரவி என்ற இரு தற்காப்பு ஆட்டக்காரர்கள். இருவரும் தலா 360 நிமிடம் ஆடினார்கள். முருகன் களத்தில் இருந்தபோது அணி வாங்கிய கோல்கள் 16. ரவி இருந்தபோது 12. ரவிதான் சிறந்தவர் என்று தோன்றுகிறது, இல்லையா?

இப்போது எதிரணியைப் பார்த்துப் பிரிப்போம்.

பலமான அணிகளுக்கு எதிராக:
முருகன் – 300 நிமிடம், 15 கோல் (60 நிமிடத்துக்கு 3)
ரவி – 60 நிமிடம், 4 கோல் (60 நிமிடத்துக்கு 4)

பலவீனமான அணிகளுக்கு எதிராக:
முருகன் – 60 நிமிடம், 1 கோல் (60 நிமிடத்துக்கு 1)
ரவி – 300 நிமிடம், 8 கோல் (60 நிமிடத்துக்கு 1.6)

பலமான அணியோ பலவீனமான அணியோ, இரண்டிலும் முருகனே மேல்! கூட்டிப் பார்த்தால் மட்டும் ரவி முந்துகிறார். காரணம், பயிற்றுநர் முருகனை நம்பிக் கடினமான ஆட்டங்களில் இறக்கியதுதான். திறமைக்குக் கிடைத்த பொறுப்பே மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டது. புள்ளியியலில் இதைச் ‘சிம்சன் முரண்’ என்பார்கள். மருந்துகளை ஒப்பிடும்போதும் இதே பொறி காத்திருக்கும். நோய் முற்றியவர்களுக்கே கொடுக்கப்படும் நல்ல மருந்து, வெறும் மொத்தக் கணக்கில் மோசமான மருந்தாகத் தெரியலாம்.

சரி, வேறு எப்படி அளப்பது? டோபி காட் எம்ஆர்டி நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கு-தெற்கு, வடகிழக்கு, வட்டப் பாதை ஆகிய மூன்றும் அங்கே சந்திக்கின்றன. நிலையத்தைவிட்டு வெளியே வருபவர்களை மட்டும் எண்ணினால் அதன் மதிப்பு முழுதாகத் தெரியாது. ரயில் மாறிப் போகிறவர்கள் நுழைவாயிலையே தொடுவதில்லை. “இந்த நிலையம் ஒரு நாள் மூடியிருந்தால் எத்தனை பேருடைய பயணம் நீளும்?” என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். தற்காப்பு ஆட்டக்காரரைப் பற்றியும் இப்படிக் கேட்க வேண்டும்: இவர் இல்லாவிட்டால், இவர் இடத்தில் சராசரி ஆட்டக்காரர் ஒருவர் நின்றால், என்ன ஆகும்?

பாரிஸில் அப்படி ஒரு சூழல் உண்மையிலேயே வந்தது. பிரிட்டனுடனான காலிறுதியில் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். 40 நிமிடங்களுக்கு மேல் 10 பேருடன் ஆடிய இந்தியா 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட் அவுட்டில் வென்றது. தடை காரணமாக அவர் ஆட முடியாத அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 எனத் தோற்றது. ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் வந்தது. அடித்தவர் பெய்லட்!

“அவர் இருந்திருந்தால் இந்தியா வென்றிருக்கும்” என்று முடிவு கட்டலாமா? கூடாது. அவர் இல்லாத ஓர் ஆட்டத்தில் தோல்வி என்றால், அவர் பாதியில் போன இன்னோர் ஆட்டத்தில் வெற்றி. ஓரிரு ஆட்டங்களில் தற்செயலுக்கு இடம் மிக அதிகம். ஒரு நாணயத்தை இருமுறை சுண்டி, அது நேர்மையான நாணயமா என்று சொல்ல முடியுமா? பல ஆட்டங்கள், ஒரே தரத்திலான எதிரணிகள், அவர் இருந்தபோதும் இல்லாதபோதும் கிடைத்த எண்கள் – இவை சேர்ந்தால்தான் விலை சொல்லும் தகுதி நமக்கு வரும்.

உங்கள் பள்ளி அணியின் அடுத்த சில ஆட்டங்களில் இதை நீங்களே செய்து பாருங்கள். ஒரு தற்காப்பு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுங்கள். அவர் களத்தில் இருந்த நிமிடங்களையும் இல்லாத நிமிடங்களையும், அந்தந்த நேரத்தில் எதிரணி கோலை நோக்கி அடித்த முயற்சிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கோல்கள் குறைவு, முயற்சிகள் அதிகம். ஆகவே முயற்சிகளை எண்ணினால் தற்செயலின் பங்கு குறையும். எதிரணி பலமானதா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். பிறகு உங்கள் பயிற்றுநரிடம் காட்டுங்கள். இதுவரை யாரும் பாராட்டாத ஒருவருடைய பெயர் அந்தத் தாளில் மேலே வந்து நிற்கலாம்.