காரணமின்றி அலறும் கார் அலாரம்: முதலில் பேட்டரியைப் பாருங்கள்

நள்ளிரவில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே கார் அலாரம் அலறினால், இப்போதெல்லாம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அடிக்கடி பொய்யாக ஒலிக்கும் அலாரம், திருடன் வரும் நாளில் உதவாமல் போகலாம். எனவே, கோளாற்றை உடனே சரிசெய்வது நல்லது.

முதலில் சோதிக்க வேண்டியது பேட்டரி. எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2க்குக் கீழ் இறங்கினால் அதில் பாதி சக்திகூட இல்லை என்று பொருள். மின்னழுத்தம் சரிவதைச் சில அலாரங்கள் திருட்டு முயற்சி எனத் தவறாக எடுத்துக்கொள்ளும். நம் நாட்டு வெப்பத்தில் பேட்டரி சீக்கிரமே தளர்ந்துவிடும்.

பேட்டரி நன்றாக இருந்தால், பானட், கதவு, பூட் ஆகியவற்றின் சுவிட்சுகளைக் கவனியுங்கள். மழைநீராலும் தூசியாலும் அவை துருப்பிடித்தால், மூடிய கதவும் திறந்திருப்பதாகவே அலாரம் நினைக்கும். சுத்தம் செய்தும் பயனில்லை என்றால் சுவிட்சை மாற்ற வேண்டும்.

லோரி கடந்தாலோ இடி இடித்தாலோ மட்டும் ஒலித்தால், அதிர்வு சென்சாரின் உணர்திறனைச் சற்றுக் குறைத்தால் போதும்.

எரிச்சலில் வயரை மட்டும் வெட்டிவிடாதீர்கள். பல அலாரங்கள் எஞ்சின் இயக்கத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், மறுநாள் காலை கார் கிளம்பாமலே போகலாம். அந்த வேலையை வயரிங் தெரிந்த பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.