அடுப்பு யாருக்காக?

கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால், அதன் உபரிநீர் நாராயணபுரம் ஏரியை அடைந்து, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். அந்நீர் செல்லும் வழிக்கு அண்மையில், ஓர் அடுக்கு வீட்டின் தரைத்தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம்.

வீடு வாங்கியபோது, சமையலறையைப் புதுமுறையில் அமைக்க ஆசைப்பட்டோம். கருங்கல் மேடையை வெட்டி, கண்ணாடி முகப்புடைய நான்கு பர்னர் அடுப்பை அதனுள் பதித்தோம். மேடைக்குக் கீழே மின்சார ஓவனைப் பொருத்தினோம். எரிவாயு சிலிண்டர் கண்ணில் படலாகாதென்று மரக்கதவுக்குப் பின்னே அதை மறைத்தோம். வந்தவர் யாவரும் வியந்து பாராட்டினர்.

மகிழாதவர் ஒருவர் மட்டும் இருந்தார். அவர் எங்கள் அன்னை. அகன்ற இரு பாத்திரங்களை அருகருகே வைக்க அவ்வடுப்பில் இடமில்லை. இரவில் ரெகுலேட்டரை மூட வேண்டுமானால், முழந்தாளிட்டு அலமாரிக்குள் கைநீட்ட வேண்டும். மூட்டுவலியுள்ள அவரால் அது இயலவில்லை; ஆகவே பல இரவுகள் அது மூடப்படாமலே கிடந்தது. அவர் முறையிட்டபோதெல்லாம், "போகப் போகப் பழகிவிடும் அம்மா" என்றோம்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த பெருமழை சென்னையின் தென்பகுதியை மூழ்கடித்தது. எங்கள் சமையலறையிலும் முழங்கால் அளவு நீர் நின்றது. மின்சாரம் இல்லை. ஓவன் நீருக்குள் மூழ்கியது. அலமாரியின் பலகைகள் ஊறிப் பருத்து, கதவு திறக்க மறுத்தது. உள்ளே சிலிண்டர்; அதன் ரெகுலேட்டர் மூடியிருந்ததா என்பதும் எங்களுக்கு நினைவில்லை! இறையருளால் கசிவு ஏதும் நேரவில்லை.

அன்று மாடியிலிருந்து தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் குரல் கொடுத்தார்: "அம்மாடி, அரிசி பருப்பு நனையாமல் இருந்தால் கொண்டு வா. அடுப்பு என்னிடம் இருக்கிறது." இரண்டே பர்னர் கொண்ட பழைய அடுப்பு அது. தீக்குச்சியால் அதைப் பற்றவைத்து, நான்கு குடும்பங்களுக்கு இரண்டு நாள் சமைத்தோம். எங்கள் வீட்டு அடுப்போ கீழே இருளில் அழகாகக் கிடந்தது.

நீர் வடிந்தபின் நாங்கள் அதைப் பழுது பார்க்கவில்லை, அகற்றிவிட்டோம். கொத்தனார் மேடையின் பள்ளத்தைக் கற்பலகையால் மூடினார். அதன்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற மூன்று பர்னர் அடுப்பை வைத்தோம். மீண்டும் வெள்ளம் வருமாயின், ரெகுலேட்டரை மூடி, குழாயைக் கழற்றி, அடுப்பைத் தூக்கிச் செல்லலாம். கேக் சுடுவதற்குச் சிறிய மேசை ஓவன் ஒன்று போதுமானதாயிற்று. அலமாரியின் கதவையும் எடுத்துவிட்டோம்.

இக்கடைசிச் செயலின் காரணத்தை ஒவ்வொரு குடும்பமும் அறிதல் நலம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து போகாமல் தரையருகே தேங்கும். மூடிய அலமாரியாயின் அங்கேயே அடைந்து நின்று, ஒரு சிறு பொறிக்காகக் காத்திருக்கும். எனவே சிலிண்டர் காற்றோட்டமான இடத்தில், நேராக நிற்க வேண்டும். தரைமட்டத்தில் காற்றுப் போக வழி வேண்டும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாய் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டிலுள்ள முதியவரின் கைக்கு ரெகுலேட்டர் எட்ட வேண்டும்.

எண்ணிப் பார்த்தால், பதித்த அடுப்பு நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் தரையோடு மண்ணால் பூசிய அடுப்பும், அதை ஒட்டிய கொடியடுப்பும் இடம் பெயராதவையே. அவற்றின் முன் குனிந்து, புகையில் கண் கலங்கி அவர்கள் வாழ்நாளைக் கழித்தனர். அத்துயரைக் கண்டுதான் 1953இல் ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்னும் பொறியியல் அறிஞர் புகையில்லா அடுப்பை வகுத்தார். 1965இல் 'இண்டேன்' எரிவாயு கொல்கத்தாவில் முதன்முதலாக ஓர் இல்லத்திற்கு வழங்கப்பட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், அடுப்புப் புகையால் நோயுறுவோரையும் மறவாமல் குறிப்பிட்டார். சமைப்பவரின் துயரைக் குறைப்பதே இம்முயற்சிகளின் நோக்கம். நாங்களோ பார்ப்பவரின் கண்ணுக்காக அடுப்பு அமைத்தோம். சமைப்பவரின் முழங்காலை மறந்தோம்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரத்தில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்த இராயப்பரையும் தோழர்களையும் உண்ண அழைத்ததை அருளப்பர் எழுதி வைத்துள்ளார். அந்த அடுப்பில் அழகு ஏதும் இருந்ததாக அவர் கூறவில்லை. பசித்தவர்க்கு அது உணவளித்தது, அதுவே போதும்.

அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்னாள், புதிய அடுப்பின் ஒரு பக்கம் பாகும் மறுபக்கம் எண்ணெய்ச் சட்டியும் ஏற்றி, அன்னை நிமிர்ந்து நின்று அதிரசம் சுட்டார். முதல் தட்டு மாடிக்குச் சென்றது. இரவில் ரெகுலேட்டரைத் தாமே மூடிவிட்டுப் படுக்கச் சென்றார்.

சமையலறை அமைக்க எண்ணும் அன்பர்களே, கடைக்காரரைக் கேட்குமுன், அங்கே நாள்தோறும் நிற்கப் போகிறவரைக் கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறினோம். வெள்ளம் வந்துதான் எங்களுக்குக் கற்பித்தது.