சைக்காலஜி படிக்கலாமா, சார்?

எஸ்.பி.எம். முடிவு வெளிவரும் வாரத்தில் பழைய மாணவர்கள் தமிழ்ப்பள்ளி வாசலுக்கு வந்து நிற்பது நமக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் "டாக்டருக்குப் படிக்கலாமா, டீச்சருக்குப் படிக்கலாமா" என்று கேட்பார்கள். இப்போது ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர்காஜாவிலும் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "சார், சைக்காலஜி படிக்கலாமா?" பின்னாலேயே அம்மாவின் குரல் வரும். "பைத்தியக்காரங்கள பாக்கற படிப்பா சார் அது? வேலை கிடைக்குமா?"

இந்த இரண்டு கேள்விக்கும் ஆசிரியரான நீங்கள் சரியான பதில் வைத்திருப்பது நல்லது. ஏனென்றால் தவறான கோர்ஸில் சேர்ந்த பிள்ளைக்கு அது தெரியவருவது மூன்றாம், நான்காம் ஆண்டில்தான். அதற்குள் பி.டி.பி.டி.என். கடன் ஏறியிருக்கும்.

முதலில் படிப்பின் தேவையைப் பற்றி. நாட்டின் தேசிய சுகாதார ஆய்வு 2019-இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. 2023-இல் அதே ஆய்வு சொன்ன எண் 4.6 விழுக்காடு. நான்கே ஆண்டில் இரட்டிப்பு. ஐந்து முதல் பதினைந்து வயதுவரையுள்ள பிள்ளைகளில் 16.5 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகவும் 2023 ஆய்வு காட்டியது. முப்பது பேர் உள்ள வகுப்பில் ஏறக்குறைய ஐந்து பேர். தோட்டப்பள்ளியாக இருந்தால் மொத்தப் பள்ளியிலேயே எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம் இனத்துக்கென்று தனிக் கவலையும் உண்டு. யூ.கே.எம்.-இல் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த டி. மணியம், கேமரன் மலையில் நடந்த தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் ஆராய்ந்து 1988-இல் எழுதிய கட்டுரையில், மக்கள்தொகையில் நம் பங்கைவிட அந்த எண்ணிக்கையில் இந்தியர்களின் பங்கு கூடுதலாக இருப்பதைக் காட்டினார். அதற்குப் பின் வந்த தேசிய அளவிலான பதிவுகளும் அதையே சொல்லின. தோட்டம் விற்கப்பட்டு, லயத்தை விட்டு மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களை மலாக்காவில் நமக்கு நேரடியாகத் தெரியும். கோயிலும் மண்டபமும் பக்கத்து வீட்டு அத்தையும் ஒரே நாளில் இல்லாமல் போவது என்ன செய்யும் என்பதை நாம் யாரும் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பெற்றோரிடம் சொல்லுங்கள். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் மூடி மறைத்த காலம் போய்விட்டது. ஆனால் பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். இங்கேதான் குழப்பம் அதிகம். 'சைக்காலஜி' என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு பாதைகள்.

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், முதலில் மருத்துவர். எம்.பி.பி.எஸ்., ஹவுஸ்மேன், அதற்குமேல் மனநலத்தில் முதுகலைச் சிறப்புப் பயிற்சி. மருந்து எழுதித் தருபவர் இவர்தான். அறிவியல் பிரிவில் படித்த பிள்ளைக்கே இந்தப் பாதை. அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கவுன்சிலர் வேறு. 1998-ஆம் ஆண்டு கவுன்சிலர் சட்டத்தின்படி, லெம்பாகா கவுன்சிலரில் பதிவு செய்தவர் மட்டுமே இந்த நாட்டில் கவுன்சிலர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்யலாம். பதிவு செய்வதற்கு, வாரியம் ஏற்றுக்கொண்ட கவுன்சலிங் பட்டம் வேண்டும். அதற்குள் மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சி இருக்க வேண்டும். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இத்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம், அதாவது உப்சி, இந்தப் பாதைக்குப் பெயர்பெற்றது. பள்ளி கவுன்சிலராக விரும்பும் பிள்ளைக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். யூ.பி.எம்., மலாயாப் பல்கலைக்கழகம், சரவாக்கில் யூனிமாஸ் ஆகியவற்றிலும் கவுன்சலிங் பட்டப்படிப்பு உண்டு.

மூன்றாவது, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இதில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். இளங்கலைச் சைக்காலஜி முடித்தால் போதும், கிளினிக் திறக்கலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. கிளினிக்கல் சைக்காலஜியில் முதுகலை வேண்டும். யூ.கே.எம்., ஹெல்ப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில்தான் அது இருக்கிறது. இடம் குறைவு, போட்டி அதிகம். 2016-ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில் சட்டம் இவர்களையும் பதிவுக்குள் கொண்டுவந்திருக்கிறது.

ஆக, இளங்கலைச் சைக்காலஜி பட்டம் ஒரு வாசல். அதை வைத்து மனிதவளத் துறை, சமூகநலம், ஆராய்ச்சி, விற்பனை என்று பல வேலைக்குப் போகலாம், போகிறார்கள். ஆனால் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் 'கவுன்சிலர்' என்று பலகை மாட்டினால் அது சட்டத்துக்கு விரோதம். என்னைக் கேட்டால், தோட்டத்துப் பிள்ளைக்கு, குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு, கவுன்சலிங் பட்டத்தையே முதலில் காட்டுவேன். நான்கு ஆண்டில் பதிவுக்குத் தகுதி வந்துவிடுகிறது. சைக்காலஜி வழியென்றால் முதுகலை முடியும்வரை வீட்டில் யாராவது தாங்க வேண்டும். தாங்க முடியுமென்றால் போகட்டும், தடுக்காதீர்கள்.

மாநிலத்துக்குள்ளேயே இருந்து படிக்க வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால் சிக்கல்தான். மலாக்காவில் பல்கலைக்கழகங்கள் இல்லாமல் இல்லை. டுரியான் துங்கலில் யூ.டி.இ.எம்., லெண்டுவில் யூ.ஐ.டி.எம்., நகரத்தில் எம்.எம்.யூ., மணிப்பால். ஆனால் நாம் பேசும் பாதைகளுக்கு மருத்துவம் தவிர மற்றவை பெரும்பாலும் வெளியூர். பங்கி அவ்வளவு தூரமில்லை. புலாவ் செபாங்கில் கொமியூட்டர் ஏறினால் யூ.கே.எம். ஸ்டேஷனிலேயே இறங்கலாம், வண்டி மாறத் தேவையில்லை. பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் அப்பாவிடம் இந்த ஒரு விவரம் பத்து அறிவுரையைவிட நன்றாக வேலை செய்யும்.

படிக்கப் போகிறவர்கள் எதிர்பார்க்காத ஒன்று புள்ளியியல். மனசைப் பற்றிய படிப்பு, பேச்சும் கேள்வியுமாக இருக்கும் என்று நினைத்துப் போகிற பிள்ளை முதல் ஆண்டிலேயே சராசரி, திட்டவிலக்கம், ஆய்வுமுறை என்று உட்கார வேண்டும். கணக்கைக் கண்டு ஓடித்தான் கலைப்பிரிவுக்கு வந்தேன் என்று சொல்லும் மாணவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எஸ்.டி.பி.எம். படிக்கும்போதே அடிப்படையைப் பிடித்துக்கொண்டால் பயமில்லை. வாசிப்பு பெரும்பாலும் ஆங்கிலம். அரசு பல்கலைக்கழகத்தில் எழுத்தும் பேச்சும் மலாய். தமிழ் எங்கும் வராது. ஆனால் வேலைக்கு வந்த முதல் நாளே தமிழ்தான் தேவைப்படும்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஆசிரியர்கள் உண்மையில் உதவக்கூடிய இடம் இதுதான்.

டாஸ் 21 என்ற கேள்வித்தாளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இருபத்தொரு வாக்கியங்கள். கடந்த ஒரு வாரத்தில் இது உங்களுக்கு எந்த அளவு பொருந்தியது என்று குறிக்க வேண்டும். ஏழு வாக்கியம் டிப்ரஷனுக்கு, ஏழு ஆங்ஸைட்டிக்கு, ஏழு ஸ்ட்ரெஸ்ஸுக்கு. மலாயில் கெமுருங்கான், கெபிம்பாஙான், தெகானான் என்று மூன்றுக்கும் மூன்று சொல் தெளிவாக இருக்கிறது. தமிழில் என்ன சொல்கிறோம்? செய்தித்தாளில் 'மன அழுத்தம்' என்று ஒரு நாள் ஸ்ட்ரெஸ்ஸுக்குப் போடுகிறார்கள், மறுநாள் அதே சொல்லை டிப்ரஷனுக்குப் போடுகிறார்கள். பரீட்சை நெருங்குவதால் வரும் நெருக்கடியும், இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமும் பசியும் ஆசையும் போய் மூலையில் உட்கார வைக்கும் நோயும் ஒன்றல்ல. ஒரே சொல்லால் இரண்டையும் சொன்னால் முதலாவதைப் பெரிதாக்குகிறோம், இரண்டாவதைச் சிறிதாக்குகிறோம். "எல்லாருக்கும்தான் மன அழுத்தம் இருக்கு, எந்திரிச்சி வேலையப் பாரு" என்று அப்பா சொல்வதில் பாதித் தப்பு அந்தச் சொல்லுடையது. ஸ்ட்ரெஸ் என்றால் மன அழுத்தம், டிப்ரஷன் என்றால் மனச்சோர்வு, ஆங்ஸைட்டி என்றால் பதற்றம் என்று நம் பள்ளிகளிலாவது நிலையாக வைத்துக்கொள்ளலாம்.

அதோடு முடியவில்லை. தோட்டத்தில் வளர்ந்த பாட்டியிடம் "மனச்சோர்வா இருக்கா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லப்பா" என்பார். அவர் சொல்வது வேறு: நெஞ்சு படபடன்னு அடிக்குது, தலை பாரமா இருக்கு, உடம்பெல்லாம் எரியுது, சோறு எறங்கல. உடம்பின் மொழியில்தான் மனசைச் சொல்வார்கள். கிளினிக் கெசிஹாத்தானில் பேரப்பிள்ளை மொழிபெயர்க்கிறான். "பாட்டிக்குத் தலைவலி" என்று மலாயில் சொல்கிறான். பனடோல் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மருத்துவர் மேல் குறை சொல்ல முடியாது. அவர் காதில் விழுந்தது தலைவலி. அதுவும், தன் பேரனை வைத்துக்கொண்டு எந்தப் பாட்டி "சாகத் தோணுது" என்று சொல்வார்? தமிழ் தெரிந்த ஒரு கவுன்சிலர் அந்த அறையில் இருப்பது ஏன் முக்கியம் என்று உங்கள் மாணவர் கேட்டால் இந்தக் காட்சியைச் சொல்லுங்கள்.

கோயில், மந்திரிப்பு, கயிறு கட்டுவது பற்றியும் கேள்வி வரும். கிண்டல் செய்யாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், குணமாகும் என்று நம்பிச் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் தீயில் இறந்தார்கள். ஓட முடியவில்லை. அந்தச் செய்தியை மறக்கக்கூடாது. ஆனால் நம்பிக்கையையே தூக்கி எறியச் சொல்வதும் பயன்படாது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, ஜபம் போன்று மக்களுக்கு ஏற்கெனவே பழகியவற்றைச் சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்தினார். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு நோயாளிகளையும் குடும்பங்களையும் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறது. இவர்களைப் பற்றி நம் பிள்ளைகள் பல்கலைக்கழக நூலகத்தில் தேடிப் படிக்கட்டும். ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பு இல்லை என்று தவிக்க வேண்டியிருக்காது. கோயிலுக்குப் போகட்டும், கிளினிக்கில் கொடுத்த மருந்தையும் நிறுத்தாமல் சாப்பிடட்டும் என்று குடும்பத்திடம் சொல்லத் தெரிந்த கவுன்சிலர் நமக்குக் கிடைத்தால் போதும்.

நம் பள்ளிகளின் நிலைமையும் தெரிந்ததே. மலாக்காவில் உள்ள தமிழ்ப்பள்ளிகளில் பல சிறியவை. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிக்கு முழுநேர கவுன்சிலர் கிடைப்பது அரிது. தமிழோ கணிதமோ கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தலையில் அந்தப் பொறுப்பும் விழுகிறது. அப்படிப் பொறுப்பு விழுந்தவர்களில் நீங்களும் ஒருவராக இருந்தால், படிப்பது மாணவர் மட்டுமல்ல, நீங்களும்தான் என்று யோசித்துப் பாருங்கள். பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குக் கல்வி அமைச்சின் எச்.எல்.பி. உதவித்தொகை இருக்கிறது. பகுதிநேரமாகவும் படிக்கலாம். விண்ணப்பிக்கும் முன், நீங்கள் பார்க்கும் முதுகலைப் படிப்பை லெம்பாகா கவுன்சிலர் ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று வாரியத்திடமே கேளுங்கள். கல்லூரி ஏஜெண்டு "எல்லாம் ஓகே" என்று சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

மாணவருக்கும் அதே விதிதான். யூ.பி.யூ. விண்ணப்பத்தில் கவுன்சலிங் பட்டத்தை முதலிலும் சைக்காலஜியை அடுத்தும் போடுவதா, மாற்றிப் போடுவதா என்று முடிவெடுக்க, பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உனக்கு ஆட்களோடு உட்கார்ந்து பேசப் பிடிக்குமா, ஏன் இப்படி ஆகிறது என்று ஆராயப் பிடிக்குமா? இண்டர்வியூவிலும் ஏறக்குறைய இதைத்தான் கேட்பார்கள். 'மத்தவங்களுக்கு உதவணும்' என்ற பதிலை அவர்கள் ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். "எங்க தோட்டத்துல பாட்டிக்கு மொழிபெயர்த்தது நான்தான்" என்று சொல்லும் பிள்ளையை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

விண்ணப்பம் பற்றிப் பேச வந்த பிள்ளை, பேச்சோடு பேச்சாகத் தன்னைப் பற்றியே சொல்லத் தொடங்குவதும் உண்டு. அப்போது கோர்ஸ் பட்டியலை மூடி வைத்துவிடுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு ரிங்கிட்டுக்கு மருத்துவரைப் பார்க்கலாம். அங்கிருந்து மலாக்கா மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். முதல் தடவை கூடவே நீங்களும் போங்கள்.