காலில் தேங்கும் குருதி

யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே, சுருவில் போன்ற ஊர்களில், நாளெல்லாம் நின்று தொழில் செய்வோர் பலர். கரையில் வலை இழுப்பவரும், தோட்டத்துக்கு நீர் இறைப்பவரும், அடுப்படியில் நிற்கும் தாய்மாரும் மாலையானதும் கால் கடுக்கிறதென்பர். அவருட் சிலரது கெண்டைக்காலில் நீலக் கயிறு முறுக்கியதுபோலப் புடைப்புக் காணப்படும். நரம்பு சுருண்டுவிட்டது என்பர் ஊரார். அது நரம்பன்று, குருதியை இதயத்துக்கு மீட்டுச் செல்லும் நாளமேயாகும்.

நடக்கும்போது கெண்டைத்தசை சுருங்கிக் குருதியை மேலே உந்துகிறது. ஏறிய குருதி மீண்டும் இறங்காதபடி, ஒருவழிக் கதவுகள் போன்ற வால்வுகள் நாளத்தினுள்ளே காவல் செய்கின்றன. வில்லியம் ஹாவி என்னும் ஆங்கில மருத்துவர், குருதி உடலிற் சுற்றியோடுகிறது என்பதை 1628இல் நிறுவியபோது, இவ்வால்வுகளையும் சான்றாகக் காட்டினார். வால்வு பழுதுற்றால் குருதி தேங்கும், நாளம் புடைக்கும். பரம்பரை, மகப்பேறு, முதுமை, உடற்பருமன், நெடுநேரம் நிற்றல் ஆகியன இதற்கு ஏதுவாகும். கவனியாது விட்டால் கணுக்காலருகே தோல் கறுத்து, எளிதில் ஆறாத புண் தோன்றலாம்.

முன்னர் இதற்குரிய சத்திரசிகிச்சை, கவட்டில் வெட்டி நாளத்தை உருவியெடுப்பதாகும். கத்திக்கு அஞ்சி நோயை மறைத்தவர் பலர். இன்றோ ஊசித்துளையே பெரும்பாலும் போதும். முதலில் கேளா ஒலிக் கருவியாற் பழுதுற்ற இடத்தை வைத்தியர் கண்டறிவார். பின்பு மெல்லிய குழாயொன்றை நாளத்தினுட் செலுத்தி, சுற்றிலும் விறைப்பு மருந்திட்டு, லேசர் ஒளியாலோ வானொலி அலையாலோ உள்ளிருந்தே சூடேற்றி நாளத்தை அடைத்துவிடுவார். மருந்து நுரையைச் செலுத்தி அடைப்பதும் உண்டு. நோயாளி பெரும்பாலும் அன்றே நடந்து வீடு திரும்பலாம். இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டி, 2013இல் வெப்பமுறைக்கு முதலிடமும், நுரைமுறைக்கு அடுத்த இடமும், வெட்டியெடுத்தலுக்கு அதன் பின்னுமாக வரிசை வகுத்தது.

நாளத்தை அடைத்தாற் குருதி எவ்வழி செல்லும் என்ற ஐயம் எழலாம். காலின் குருதியிற் பெரும்பகுதியை ஏற்றிச் செல்பவை ஆழத்திலுள்ள நாளங்களே. பழுதுற்ற மேல்நாளம் அடைபட்டால் நன்மையே விளையும். எனினும் ஆழநாளம் செவ்வனே உள்ளதா என்று முன்னரே பார்த்தல் வேண்டும். கன்றிப்போதல், மரத்துப்போதல், அரிதாகக் குருதி உறைதல் ஆகியன நேரலாம். பிற்காலத்தில் வேறு நாளம் புடைக்கவுங் கூடும்.

புடைத்த நாளம் உடைந்து குருதி பெருகினால், மேலே கயிற்றாற் கட்டுதல் தகாது. அது பெருக்கை மிகுவிக்கும். படுக்கவைத்து, காலை இதயத்துக்கு மேலாக உயர்த்தி, தூய துணியால் அவ்விடத்தையே அழுத்திப் பிடித்தவாறு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

சுருவிலிலிருந்து பண்ணைப் பாலங் கடந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடையலாம். புண் தோன்றுமுன் அப்பயணத்தை மேற்கொள்வதே அறிவுடைமை.