பட்டறையில் ஒரு சொந்த வேலை

கம்பெனி லேத்தில் கதவுக் குமிழ் கடைந்தால் மேஸ்திரி சிரிப்பார். துப்பாக்கி விசை கடைந்தால் குறைந்தது ஏழாண்டு சிறை.

எந்தப் பெரிய பட்டறையிலும் இரண்டு வகை வேலைகள் நடக்கின்றன. ஒன்று ஜாப் கார்டில் இருக்கும், மற்றது இருக்காது. மதிய இடைவேளையில் டர்னர் கடைந்தெடுக்கும் பித்தளைக் குமிழ், ஃபிட்டர் தன் வீட்டுக்காக ராவிக்கொள்ளும் தாழ்ப்பாள், வெல்டர் ஒட்டித்தரும் சைக்கிள் கேரியர் எல்லாம் இரண்டாவது ரகம். பிரான்சுத் தொழிலாளர்கள் இதற்கு 'பெரூக்', அதாவது பொய்முடி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஹங்கேரியின் மிக்லோஷ் ஹரஸ்தி டிராக்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்த அனுபவத்தை எழுதியபோது, தொழிலாளி தன் இஷ்டத்துக்குச் செய்யும் ஒரே வேலை இதுதான் என்று இதைக் கொண்டாடினார். அந்தப் புத்தகத்துக்காக 1970களில் வழக்கையும் சந்தித்தார்.

நிர்வாகங்கள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. காரணம் எளிது. இங்கே களவு போவது இயந்திரத்தின் நேரம். எந்த ஸ்டாக் ரிஜிஸ்தரிலும் அதற்குப் பத்தி கிடையாது. இரும்புத் துண்டு கேட்டைத் தாண்டும்போதுதான் விஷயம் சட்டத்துக்குள் வருகிறது. நிர்வாகத்தின் சொத்து தொடர்பான திருட்டும் நேர்மையின்மையும் ஒழுங்கீனம் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாதிரி நிலையாணைகளே வரையறுத்தன. ரயில்வே என்றால் இன்னும் கடுமை. 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி, முறைகேடாக வைத்திருப்பதற்கே ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம்.

சொந்த வேலை துப்பாக்கியாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும். கேட்டைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதை மட்டுமல்ல, பழுது பார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் சோதித்துப் பார்ப்பதையும்கூடத் தடுக்கிறது. குழலை வெட்டிக் குட்டையாக்குவதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. துப்பாக்கியின் பாகங்கள் மட்டுமல்ல, ஆயுதம் செய்வதற்கான இயந்திரங்களும் 'ஆயுதம்' என்ற சொல்லின் வரையறைக்குள் வருகின்றன. பொழுதுபோக்கு என்ற சொல்லுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் செய்து போட்டேன் என்று சொல்லும் கைவினைஞனும், கொள்ளைக் கும்பலுக்குக் 'கட்டா' செய்து விற்பவனும் ஒரே பிரிவின் கீழ்தான் நிற்க வேண்டும்.

தண்டனையும் ஏறியிருக்கிறது. உரிமமின்றித் தயாரிப்பதற்கு முன்பு மூன்று முதல் ஏழாண்டு வரை சிறை. 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே ஏழாண்டு, அதிகபட்சம் ஆயுள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வியாபாரிகளைத்தான் உரிமம் வாங்கச் சொல்கிறது. சொந்த உபயோகத்துக்குச் செய்பவருக்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. சில மாநிலங்கள் மட்டும் கெடுபிடி காட்டுகின்றன. அங்கே முதலாளியின் மில்லிங் மெஷினில் துப்பாக்கிப் பாகம் செய்வது பெரும்பாலும் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராறு. இங்கே அது அரசுக்கும் தொழிலாளிக்கும் இடையிலான வழக்கு.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் தெரிய வேண்டுமானால் பிகாரின் முங்கேருக்குப் போக வேண்டும். 1760களில் வங்காள நவாப் மீர் காசிம் முர்ஷிதாபாத்திலிருந்து தலைநகரை இங்கே மாற்றி, ஆர்மீனியரான குர்கின் கானின் பொறுப்பில் ஆயுதச் சாலை அமைத்தார். நவாப் போனார், கைத்திறன் தங்கிவிட்டது. பக்கத்திலேயே ஜமால்பூர். அங்கு 1862-இல் எழுந்த ரயில்வே பட்டறை 1899-இல் 'லேடி கர்சன்' என்ற நீராவி எஞ்சினையே கட்டியது. லேத்தும் அரமும் இந்த வட்டாரத்தில் பலருக்குத் தாய்மொழி மாதிரி.

அந்தத் திறமைக்குச் சட்டப்படி ஒரு வாசல் உண்டு. முங்கேரில் உரிமம் பெற்ற சிறு நிறுவனங்கள் ஒரே வளாகத்தில் பல்லாண்டுகளாக ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கிகள் செய்துவந்தன. ஆனால் தனிநபர் துப்பாக்கி உரிமம் கிடைப்பது அரிதாக ஆக, வாங்க ஆள் குறைந்தது. ஆர்டர் குறைந்தால் கைகளுக்கு வேலை குறையும். வேலையில்லாத கைகளைத் தேடி வருபவர்கள் உரிமம் கேட்பதில்லை. போலீஸ் சோதனைகளில் 'மினி துப்பாக்கித் தொழிற்சாலை' பிடிபட்டதாக வரும் செய்திகளில் பறிமுதல் பட்டியலை லேத், டிரில்லிங், மில்லிங் இயந்திரங்கள்தான் நிரப்புகின்றன.

2018-இல் வெளிவந்த விவகாரம் அரசாங்கத்தையே உலுக்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டு இறுதியில் ஜமால்பூரில் ஒருவர் மூன்று ஏ.கே. 47 துப்பாக்கிகளுடன் சிக்கினார். விசாரணை மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூருக்குப் போனது. அங்குள்ள ராணுவ மத்திய ஆயுதக் கிடங்கில் கழித்துக்கட்டப்பட்ட துப்பாக்கிகளின் பாகங்கள் சிறிது சிறிதாக வெளியேறின என்றும், ஓய்வுபெற்ற ஆயுத மெக்கானிக் ஒருவர் அவற்றைச் சீராக்கிப் பூட்டிக் கொடுத்தார் என்றும் போலீஸ் குற்றம் சாட்டியது. முங்கேரின் பர்தா கிராமத்தில் கிணற்றுக்குள்ளிருந்தே துப்பாக்கிகள் எடுக்கப்பட்டன. வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் போனது.

இது பொழுதுபோக்கல்ல, வியாபாரம். ஆனாலும் இரண்டுக்கும் மூலதனம் ஒன்றுதான்: முதலாளி கற்றுக்கொடுத்த தொழில், முதலாளி வாங்கிப்போட்ட கருவி, கேள்வி கேட்காத மேஸ்திரி. முதல் தடவை ஆர்வத்துக்காகச் செய்தவனுக்கு இரண்டாவது தடவை பணம் நீட்ட ஆள் வருவான். செய்த பொருள் கதவுக் குமிழாக இருந்தால் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. துப்பாக்கி கை மாறினால் எங்கே போய் வெடிக்கும் என்பது செய்தவனுக்கே தெரியாது.

நிர்வாகங்களுக்கும் இதில் பாடம் உண்டு. தங்கள் லேத்தில் ஆயுதம் கடையப்பட்டதாகப் போலீஸ் வந்தால், அந்த லேத்தே வழக்குச் சொத்தாகலாம். சில்லறைச் சொந்த வேலைகளுக்கு அனுமதிச் சீட்டு, இன்ன பொருள்தான் என்ற பட்டியல், மேஸ்திரியின் கையெழுத்து ஆகியவை செலவில்லாத தற்காப்பு. கண்டும் காணாமலிருப்பது பெருந்தன்மையாகத் தோன்றலாம். நீதிமன்றத்தில் அது வேறு பெயர் பெறும்.

துப்பாக்கி நுட்பத்தில் உண்மையான மோகம் உள்ளவருக்கு இந்தியாவில் வழி குறுகலானதுதான். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தனியார் தயாரிப்புக்குக் கதவைத் திறந்தன. ஆனால் அது மூலதனம் உள்ள நிறுவனங்களுக்கான கதவு. தனியொரு டர்னருக்கு மிச்சமிருப்பது உரிமம் பெற்ற தயாரிப்பாளரிடமோ பழுதுபார்ப்பவரிடமோ வேலைக்குச் சேர்வதுதான். கூலி குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் அங்கே அவர் செய்யும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஜாப் கார்டு இருக்கும்.